பறவைகளுக்கு வாங்கிய பூசணி விதை

ஊரில் அவனவன் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான். எனக்கு அவ்வளவு பெரிய ஆசையெல்லாம் கிடையாது. நான் என் மனைவியிடமிருந்து மறைக்க நினைத்தது நாலாக மடித்த ஒரு காகிதம். கூடவே, வேறு வழியில்லாமல், நாலு கிலோ பூசணி விதை.

முதலில் காகிதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் விதைகளிலிருந்து சத்து எடுக்கும் ஒரு கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாக உதவியாளர். விதையை உலர்த்தி, அரைத்து, அந்த மாவை மைக்ரோவேவில் வைத்துச் சூடேற்றி, பிறகு வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டி, உடம்புக்கு நல்லது செய்யும் சாற்றைப் பிரிப்பது என் வேலை. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் விதை லேசுப்பட்ட ஆள் இல்லை. தன் சத்தை ஆயிரம் குட்டி அறைகளில் போட்டுப் பூட்டி வைத்திருக்கும். அந்த அறைகள் உடைந்தால்தான் சத்து வெளியே வரும். எங்கள் பூசணி விதை உடைய மறுத்தது. நூறு கிராம் மாவுக்கு ஐந்து கிராம் சாற்றுக்கு மேல் ஒரு நாளும் தரவில்லை.

ஒரு திங்கட்கிழமை எங்கள் மேலதிகாரி மேடம் என்னைக் கூப்பிட்டு அந்தக் கடிதத்தைக் கொடுத்தார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மேடம் முன்னால் செய்து காட்ட வேண்டும். நூறுக்குப் பன்னிரண்டு கிராம் வர வேண்டும். வராவிட்டால் மைக்ரோவேவ் பிரிவை மூடிவிடுவார்கள். எனக்கு ஒன்பது மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் கிளைக்கு மாற்றல்.

மாற்றல் எனக்குப் புதிதில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஆறு வீடு மாறியிருக்கிறோம். ஆறு தடவையும் என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டை போடுகிற மனைவியைச் சமாளித்துவிடலாம். சண்டையே போடாமல், நூலை நூல்கண்டில் சுற்றி, கத்தரியைத் துணியில் பொதிந்து, சத்தமில்லாமல் பெட்டி கட்டுகிற மனைவியைப் பார்த்துக்கொண்டு நிற்பது இருக்கிறதே, அது பெரிய தண்டனை. இரண்டு ஊரில் தையல் வகுப்பு தொடங்கி, இரண்டு ஊரிலும் பாதியில் மூடியவள் அவள். இந்த வீட்டில்தான் மூன்றாவது முறையாகத் தன் கையாலேயே போர்டு எழுதி வாசலில் மாட்டினாள். முன்னறையில் நாலு மெஷின். சாயங்காலம் ஒன்பது பெண்கள் வருகிறார்கள். அவள் சிரிக்கும் சத்தம் சமையலறை வரைக்கும் கேட்கிறது. அந்தச் சத்தத்தை நிறுத்துகிற காகிதத்தை நான் எப்படி அவள் கையில் கொடுப்பேன்?

ஆகவே முடிவெடுத்தேன். அவளிடம் மூச்சு விடக்கூடாது. ஆய்வுக்கூடத்தில் வராத பன்னிரண்டு கிராமை வீட்டு மைக்ரோவேவிலாவது வரவழைத்து, அந்த வித்தையை வெள்ளிக்கிழமை மேடத்திடம் காட்டிவிட வேண்டும். அன்று மாலையே மூட்டையோடு வீட்டுக்குள் நுழைந்தேன்.

"என்னங்க இது மூட்டை?"

"பூசணி விதை."

"எதுக்கு?"

"பறவைங்களுக்கு."

"எந்தப் பறவைக்கு?"

"பொதுவா."

"பொதுவான்னா?"

"பறக்கிறதுக்கெல்லாம்."

"கொசுகூடத்தான் பறக்குது."

"அதுக்கு இல்ல."

"நாலு கிலோவா?"

"பறவைங்க நிறைய இருக்குல்ல."

"சரிங்க" என்றாள்.

மற்ற வீடுகளில் 'சரிங்க' என்றால் சரி என்று அர்த்தம். எங்கள் வீட்டில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் அன்றைக்கு நான் வெற்றி மயக்கத்தில் இருந்தேன். கவனிக்கவில்லை.

கடிதம் சட்டைப்பையில் இருந்தது. தினமும் சட்டை மாற்றும்போது காகிதத்தையும் பை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது திட்டம். மறுநாளே மறந்துவிட்டேன். ஆய்வுக்கூடத்தில் ஞாபகம் வந்தது. அன்று ராத்திரி அவள் அலமாரிப் பக்கத்தை விட்டு நகரவில்லை. புதன்கிழமை காலையில் பதறியடித்து அலமாரியைத் திறந்தால், அந்தச் சட்டை ஹேங்கரில் தொங்கிக்கொண்டிருந்தது. பையில் கடிதம் பத்திரமாக, நாலாக மடித்தபடியே இருந்தது. நல்லவேளை, இன்னும் துவைக்கவில்லை என்று பெருமூச்சு விட்டேன். காகிதம் முன்பைவிட மொறமொறவென்று இருந்த மாதிரி தோன்றியது. நல்ல கம்பெனிக் காகிதம். மேடத்தின் கையெழுத்து மட்டும் லேசாகக் கலங்கியிருந்தது. பாவம், எனக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று நினைத்து, அவர்மேல் இருந்த கோபத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டேன்.

இனி மைக்ரோவேவ். எங்கள் வீட்டு மைக்ரோவேவ் நான் வாங்கிக் கொடுத்ததுதான். ஆனால் வாங்கிக் கொடுக்கிற உரிமை வேறு, தொடுகிற உரிமை வேறு. அதற்கு அவள் வைத்திருக்கும் சட்டம் ஒன்று உண்டு. எதை உள்ளே வைத்தாலும் முதலில் ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளிக்க வேண்டும். ரொட்டியோ, நேற்றைய சோறோ, தெளிக்காமல் உள்ளே போகாது.

"காஞ்சத அப்படியே வெச்சா கல்லாயிடும்ங்க. கொஞ்சம் ஈரம் இருந்தாத்தான் உள்ள வரைக்கும் இளகும்" என்பாள்.

நான் சிரிப்பேன். பத்தொன்பது வருஷம் மைக்ரோவேவோடு குடித்தனம் நடத்துகிறவன் நான். எனக்கே பாடமா? அதிலும் உலர்த்துவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. செய்முறைப் புத்தகத்தில் 'உலர்ந்த விதை' என்று ஒரே ஒரு தடவைதான் எழுதியிருக்கிறது. நான் அதை மூன்று தடவை அடிக்கோடிட்டு வைத்திருப்பவன். நான் உலர்த்திய விதையைத் தரையில் போட்டால் 'டிங்' என்று சத்தம் வரும்.

விதையை மூன்று நாள் மொட்டைமாடி வெயிலில் காயவைத்தேன். "பறவைங்க வரலயா?" என்று தினமும் கேட்டாள். "வெட்கப்படுதுங்க" என்றேன். மூன்றாம் நாள் அவள் நூல் வாங்கக் கடைக்குப் போன நேரத்தில் ஒரு கிலோவை மிக்சியில் அரைத்தேன். தினமும் காலையில் நூறு கிராம் மாவை எடைபோட்டு, பூப்போட்ட கண்ணாடிக் கிண்ணத்தில் கொட்டி மூடி, பரண்மேல் பெரிய பாத்திரங்களுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு வேலைக்குப் போவேன். என் குறிப்பு நோட்டும் அங்கேதான். சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்னறையில் நாலு மெஷினும் தடதடக்கத் தொடங்கும். அந்தச் சத்தத்தில் மைக்ரோவேவ் ஓடுவது கேட்காது. நாற்பது விநாடி சூடு, ஒரு நிமிஷம் ஓய்வு. இப்படி ஆறு தடவை. முடியும்போது அது 'பீப்' என்று காட்டிக்கொடுக்கும் என்பதால், ஒரு விநாடி மிச்சம் இருக்கும்போதே பாய்ந்து கதவைத் திறப்பேன். அந்த வாரம் நான் பாய்ந்த பாய்ச்சலைச் சின்ன வயதில் பாய்ந்திருந்தால் இந்நேரம் பதக்கம் வாங்கியிருப்பேன். அப்புறம் மாவை வெந்நீரில் ஊறவைத்து, தையல் வகுப்புத் துண்டுத்துணியில் வடிகட்டி, பிளாஸ்கில் ஊற்றி மறுநாள், ஞாயிறென்றாலும், ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய் வற்றவைத்து எடை பார்ப்பேன்.

முதல் நாள் ஐந்து கிராம். இரண்டாம் நாள் ஐந்து. வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பார்கள். நான் விதையையே அரைத்தவன், எதை அறுப்பது என்று நொந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் எட்டு.

எடைத்தட்டைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். எட்டுதான். நாலாம் நாள் பதினொன்று. ஐந்தாம் நாள் பதின்மூன்று! ஆய்வுக்கூடத்தில் ஆள் இல்லாத மூலையாகப் பார்த்து ஒரு சின்னக் குதி குதித்தேன்.

மூன்று நாளாகக் கிண்ணத்தைத் திறக்கும்போது மாவு சில்லென்று இருந்ததையும், விரலில் லேசாக ஒட்டியதையும் கவனிக்காமல் இல்லை. நான் விஞ்ஞானம் படித்தவன் அல்லவா? காற்றில் ஈரம் கூடியிருக்கிறது, மழை வரப்போகிறது என்று முடிவு கட்டினேன். மாடிக்கு ஓடி, கொடியில் காய்ந்த துணியையெல்லாம் எடுத்து வந்து, அவளிடம் நல்ல பெயர்கூட வாங்கினேன். மழை வரவில்லை.

மறு வாரம் புதன்கிழமை ஆய்வுக்கூடத்து மைக்ரோவேவில், அரைத்து மீதி வைத்திருந்த அதே மாவை, அதே நாற்பது விநாடிக் கணக்கில் வைத்துப் பார்த்தேன். ஐந்து கிராம்.

வீட்டில் பதின்மூன்று, இங்கே ஐந்து. அப்படியானால் வீட்டில் இருக்கும் ஏதோ ஒன்று இங்கே இல்லை. நோட்டில் பட்டியல் போட்டேன். பூப்போட்ட கிண்ணமாக இருக்குமோ? தையல் மெஷின் அதிர்வில் அறைகள் உடைகிறதோ? நான் முணுமுணுக்கிற பாட்டோ? வியாழக்கிழமை பூப்போட்ட கிண்ணத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். மேஜையைக் கையால் தடதடவென்று தட்டினேன். பாடினேன். பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டார். ஐந்து கிராம்.

அன்று சாயங்காலம் வகுப்பு முடிந்து, அவள் சமையலறைக்கு வந்தபோது நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். மறைக்கத் தெம்பில்லை.

"என்னங்க, முகமே வாடிக் கெடக்கு?"

"வெயில்."

"சாப்பிட்டீங்களா மத்தியானம்?"

"பசிக்கல."

"பறவைங்க எப்படி இருக்கு?"

"அதுங்களுக்கும் பசிக்கல."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் காய்ந்துபோன இரண்டு ரொட்டித் துண்டுகளை எடுத்தாள். என் முகத்துக்கு நேராகத் தட்டை நீட்டி, ஒரு ஸ்பூன் தண்ணீரை நிதானமாக, சொட்டுச் சொட்டாகத் தெளித்தாள். மூடினாள். மூடியதை உடனே உள்ளே வைக்கவும் இல்லை.

"ஏன் வெச்சுக்கிட்டே நிக்கிற?"

"ஊறணும்ங்க. தண்ணி உள்ள போகணும். அப்பத்தான் சூடு உள்ள போகும்."

"இதெல்லாம் மூடநம்பிக்கை."

"அப்படிங்களா?"

"சூடு அலையா வருது. அதுக்குத் தண்ணியும் வேணாம், வெத்தலை பாக்கும் வேணாம்."

"சரிங்க" என்றாள். பெருமூச்சு விட்டாள். ரொட்டி பஞ்சு மாதிரி இருந்தது. இரண்டு துண்டையும் சாப்பிட்டேன். உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. அதற்காகத்தான் பத்தொன்பது வருஷ அனுபவம் வேண்டும் என்பது.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பும்போது டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்தாள்.

"ஆறிப்போறதுக்கு முன்னாடி தெறந்துடுங்க."

"மத்தியானம்தானே சாப்பிடுவேன்?"

"இன்னிக்குப் போனதும் தெறங்க. எனக்காக."

அவள் 'எனக்காக' என்று கேட்டு இருபத்திரண்டு வருஷத்தில் நான் நாலு தடவைகூடக் கேட்டதில்லை. ஆய்வுக்கூடத்துக்குப் போனதும் திறந்தேன். மேல் தட்டில் சாப்பாடு இல்லை. கழுவிக் காயவைத்த ஒரு பழைய இருமல் மருந்துப் புட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. ஒரு ஸ்பூன் இருந்தது. ஒரு கறுப்புத் துணித்துண்டில் தையல் சாக்பீஸால் எழுதியிருந்தாள்:

'மாவு நூறுக்கு ரெண்டு ஸ்பூன். நல்லாப் பிசறி மூடி வைங்க. முப்பது நிமிஷம் கழிச்சு உங்க டப்பாவுல வைங்க. பறவைங்கள நான் விசாரிச்சதாச் சொல்லுங்க.'

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மணி பத்து ஐம்பது. மேடம் பதினொன்றுக்கு வருவார். கை தன் பாட்டுக்கு மாவைப் பிசறியது, மூடியது. முப்பது நிமிஷம் என்று எழுதியிருக்கிறாள். இவள் சொன்ன எதையும் ஒரு நிமிஷம் குறைத்துச் செய்யும் தைரியம் அன்றைக்கு எனக்கு இல்லை.

மேடம் சரியாகப் பதினொன்றுக்கு வந்துவிட்டார்.

"ஆரம்பிக்கலாமா?"

"அதுக்கு முன்னாடி மேடம், இதோட தத்துவத்தைக் கொஞ்சம் விளக்கிடறேன்."

"எனக்குத் தெரியும்."

"ஞாபகப்படுத்தறேன் மேடம்."

ஞாபகப்படுத்தினேன். விதை எங்கே முளைக்கிறது, கொடி எந்தப் பக்கம் படர்கிறது என்பதிலிருந்து தொடங்கினேன். மேடம் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். பதினைந்து நிமிஷத்தில் பூசணி தீர்ந்துபோய்விட்டது. வேறு வழியில்லாமல் விஷயத்துக்கு வந்தேன்.

"விதைக்குள்ள குட்டிக் குட்டியா அறைங்க இருக்கு மேடம். மைக்ரோவேவ் பட்டதும், அந்த அறைக்குள்ள இருக்கிற ஈரம் ஆவியாகி, வெளிய வர வழியில்லாம முட்டி, சுவரை உடைக்குது. அப்பத்தான் சத்து..."

"எந்த ஈரம்?" என்றார் மேடம். "நீங்கதான் எலும்பாக் காய வைக்கிறீங்களே?"

பத்தொன்பது வருஷமாக நானே மனப்பாடமாக ஒப்பித்த வரி. என் காதால் நானே கேட்டது அன்றைக்குத்தான். ஈரம்! உடைக்க வேண்டிய ஈரத்தை மூன்று நாள் வெயிலில் வைத்து ஓட்டிவிட்டு, உடையவில்லையே என்று அழுதிருக்கிறேன். ரொட்டியைக் காட்டி, ஸ்பூனைக் காட்டி, ஊறவேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லி, ஒரு மனுஷி இதைவிட எப்படித்தான் விளக்குவாள்?

மூடியைத் திறந்தபோது மாவு சில்லென்று இருந்தது. நாற்பது விநாடி, ஆறு தடவை. 'பீப்' சத்தத்தை அன்றைக்கு முழுசாகக் கேட்டேன். வெந்நீர், வடிகட்டல், வற்றவைத்தல். நாலு மணிக்கு எடைத்தட்டில் பதின்மூன்று புள்ளி நாலு.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

நெஞ்சு நிமிர்ந்தது. "பல வருஷ அனுபவம் மேடம்" என்றேன்.

மேடம் மேஜைமேல் கிடந்த இருமல் மருந்துப் புட்டியைப் பார்த்தார். துணித்துண்டைப் பார்த்தார்.

"யாரோட அனுபவம்?"

நெஞ்சு பழைய இடத்துக்கு வந்தது. "என் வீட்டம்மாவோடது மேடம்" என்றேன். சொன்னதும் எனக்கு ஒரு நிம்மதி. பிரிவை மூடப்போவதில்லை, மாற்றலை ரத்து செய்து அடுத்த வாரம் கடிதம் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். "அந்தம்மாவை ஒரு நாள் கூட்டிட்டு வாங்க. உங்களுக்குப் பாடம் எடுக்கச் சொல்லலாம்" என்றார்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. வகுப்பு முடியும்வரை சமையலறையில் காத்திருந்தேன். அவள் உள்ளே வந்தாள். கழுத்தில் அளவு டேப் தொங்கியது.

"உன்கிட்ட ஒரு விஷயம் மறைச்சிட்டேன்" என்று தொடங்கினேன்.

"மாற்றல் நின்னுடுச்சா?"

"அது உனக்கு... அந்த நோட்டப் படிச்சியா?"

"நோட்டு அப்புறம். மொதல்ல கடுதாசி. செவ்வாக்கெழம சட்டையோட சேத்துத் தொவைச்சுட்டேன்ங்க. அலசும்போதுதான் பாத்தேன். பதறிப்போய்ப் பிரிச்சுக் காயவெச்சு, இஸ்திரி போட்டு, நீங்க மடிச்ச மாதிரியே நாலா மடிச்சு வெச்சேன். அந்தம்மா கையெழுத்துத்தான் கொஞ்சம் கலங்கிடுச்சு. திட்டினாங்களா?"

மேடம் எனக்காக விட்ட ஒரே ஒரு சொட்டுக் கண்ணீரும் அதோடு போயிற்று.

"மொதல் வாரமே தெரியுமா? அப்புறம் ஏன் கேக்கல?"

"நீங்க மறைக்கிறதுக்கு அவ்வளவு பாடுபட்டீங்க. அதப் போய்க் கெடுப்பானேன்?"

"பெட்டி கட்டலையே நீ?"

அவள் டேப்பை எடுத்து விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

"ஆறு தடவ கட்டினேன்ங்க. ஒவ்வொரு தடவையும் நீங்க கதவுப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டே இருப்பீங்க. நீங்க நிக்கிறதப் பாக்க எனக்குத் தாங்காது. இந்தத் தடவ கட்ட மனசு வரல. நோட்டுல பாத்தா, 'உலர்த்தல்'னு எழுதி மூணு கோடு போட்டு வெச்சிருக்கீங்க. இந்த மனுஷன் ரொட்டிய மட்டுமில்ல, விதையையும் கல்லாக்குறாரேன்னு தண்ணி தெளிச்சேன். அவ்வளவுதான்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊசி குத்திக் குத்தித் தழும்பேறிய விரல்கள். ஆறு ஊரில் ஆறு பெட்டி கட்டிய விரல்கள்.

"என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே, தண்ணி தெளிங்கன்னு?"

"இருபத்திரெண்டு வருஷமா அதத்தானே சொல்றேன்?"

இரண்டு பேரும் சிரித்தோம். மிச்சம் இருந்த மூன்று கிலோ பூசணி விதையை மறுநாள் மொட்டைமாடியில் நிஜமாகவே பறவைகளுக்குப் போட்டோம். ஒரு பறவையும் வரவில்லை. நான் உலர்த்திய விதை அல்லவா, அலகு உடைந்துவிடுமோ என்று பயந்திருக்கும். அவள் ஒரு செம்புத் தண்ணீரைத் தெளித்துவிட்டு வந்தாள். அரை மணி நேரத்தில் மாடி நிறையச் சிறகு.

அடுத்த வியாழக்கிழமை மாற்றலை ரத்து செய்த கடிதம் கைக்கு வந்தது. இதை உடனே கொடுத்தால் என்ன சுவை? ஞாயிற்றுக்கிழமை வெளியே கூட்டிப்போய், பூங்காவில் உட்காரவைத்து, "கண்ணை மூடு" என்று சொல்லி அவள் கையில் வைக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். வாழ்க்கையில் ஒரு தடவையாவது அவளுக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருக்க வேண்டாமா? இந்த முறை சட்டைப்பையில் வைக்க நான் என்ன முட்டாளா? பேன்ட் பையில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அலமாரியில் தொங்கிய அதே பேன்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். பூங்காவில் காலியாக ஒரு பெஞ்சு பார்த்து உட்கார்ந்தோம். "கண்ணை மூடு" என்றேன். சின்னப் பிள்ளை மாதிரி மூடிக்கொண்டு, சிரிப்பை அடக்கியபடி கையை நீட்டினாள்.

பைக்குள் கையை விட்டேன். கடிதம் மொறமொறவென்று இருந்தது. இஸ்திரிச் சூடுகூட இன்னும் ஆறவில்லை.